பின்மனைக்கு ஒரு வழி

பட்டறையக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பாதி வீடுகளின் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவள் கைவேலை. "அக்கா வச்ச வெல்டிங் விடாது, சுவர்தான் முதல்ல விழும்" என்று கொத்தனார்கள் சொல்வார்கள். காதில் விழாதவள் மாதிரி முகமூடியை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஆனால் அன்றைக்கு வீட்டில் யார் என்ன கேட்டாலும் கிடைக்கும்.

வாடகைக்குப் பட்டறை போட்ட இடங்களில் எல்லாம் சத்தம், தீப்பொறி என்று சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். அலுத்துப்போய்ச் சொந்தமாக ஒரு மனை வாங்கினாள். அதே தெருவில் இருந்த ஒரு டீச்சர், தெருவை ஒட்டிய தன் மனையை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை இவளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பின்மனைக்கு மூன்று பக்கமும் அடுத்தவர்களுடைய சுவர். தெருவுக்கு வர டீச்சர் வீட்டுப் பக்கவாட்டுச் சந்து ஒன்றுதான் வழி.

பத்திரம் எழுதும்போது, பாதைக்கும் ஒரு வரி எழுதச் சொல்லலாமா என்று அக்காவுக்குத் தோன்றியது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள். இத்தனை நல்ல மனுஷியிடம் எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? எழுதாமல் விட்டதற்கு ஈடாக, ஒவ்வொரு தடவையும் "டீச்சர், போய்க்கட்டுமா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சந்தில் கால் வைப்பாள். "இதுக்கெல்லாமா கேப்ப? போம்மா" என்று உள்ளிருந்து பதில் வரும். அந்த மரியாதை ஒருநாள் தன் கழுத்தையே பிடிக்கும் என்று யார் கண்டது?

பல வருஷம் கழித்து டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு வெளியூர் போனார். வாங்கியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாங்கியதைக் கடைசி அங்குலம் வரை அனுபவிக்க நினைப்பவர், அவ்வளவுதான்.

"சந்தை அடைச்சு கார் நிறுத்தப் போறேம்மா" என்றார்.

"அப்ப நான் எப்படிண்ணே வெளிய வர்றது? பறந்தா?"

"அதை வாங்கும்போது யோசிச்சிருக்கணும். என் பத்திரத்துல பாதைன்னு ஒரு சொல் இல்லை. உங்க பத்திரத்துலயும் இல்லை."

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மனை தன்னுடையது. பட்டறை தன்னுடையது. ஆனால் போய்வர வழியில்லாத இடத்தைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? பொட்டிக்குள் பூட்டிக்கொண்ட மாதிரிதானே?

மறுநாள் தேடிப்போன வக்கீலம்மா இரண்டு பத்திரத்தையும் பொறுமையாகப் படித்தார். "நமக்கு ரெண்டு பிடி இருக்கு. பல வருஷமா எல்லாரும் பாக்க, யாரையும் கேக்காம நடந்திருந்தா நடந்ததே உரிமையாயிடும். இல்லன்னா, ஒரே மனையைப் பிரிச்சு வித்ததால, வேற வழியில்லாத பாதிக்கு வழி விட்டாகணும். முதல் பிடி சுலபம். ரெண்டாவதுக்கு, பிரிச்சப்பவே அந்தச் சந்துதான் வழின்னு ரெண்டு பேரும் வச்சிருந்தீங்கன்னு காட்டணும். டீச்சர்கிட்ட கேட்டு நடந்தீங்களா, கேக்காமலா?"

"கேக்காம எப்படிங்க அடுத்தவங்க இடத்துல நடக்கறது?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டு நடந்தா அது அவங்க குடுத்த சலுகை. சலுகையை எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்."

அக்கா செய்யும் கேட்டுகளுக்கு வர்ணம் அடிக்கிற கணவரும் கூட வந்திருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். "கேக்கலன்னு ஒத்தை வார்த்தை சொல்லு. டீச்சரா வந்து சாட்சி சொல்லப்போறாங்க?"

"நீங்க துருவை மறைச்சு வர்ணம் அடிப்பீங்க. எனக்கு அது வராது."

"ஆமா, அரிச்சந்திரன் தங்கச்சி. நாளைக்கு ஏணி போட்டுச் சுவர் ஏறி வா."

விஷயம் சமரசப் பேச்சுக்குப் போனது. சமரசக் கூடத்தில் நீள மேசை. நடுவர் நடுவில். மருந்துக்கடைக்காரர் விவரம் தெரிந்தவர். முதல் கேள்வியையே அங்கே வைத்தார். "தினமும் டீச்சர்கிட்ட கேட்டுத்தானே போனீங்க? தெருவே சொல்லுது."

கணவர் மேசைக்கடியில் காலை மிதித்தார். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. கேக்காம ஒருநாளும் போனதில்லை."

முதல் பிடி கையை விட்டுப் போனது. மருந்துக்கடைக்காரரே இதை எதிர்பார்க்கவில்லை போலும். வக்கீலம்மா மட்டும் அசரவில்லை. "அவங்க தனக்கு நஷ்டமானதையே மறைக்கலைங்க. இப்ப அடுத்ததைக் கேளுங்க. அக்கா, சந்து முனையில இருக்கிற இரும்புக் கேட் யார் செஞ்சது?"

"நான்தான். டீச்சர்தான் சொன்னாங்க. கிரயம் முடிஞ்ச வாரம், 'இனி நீ போகவர இதுதானே, உன் கம்பி வண்டி நுழையற அகலத்துக்குப் போடு'ன்னாங்க. சுவரை இடிச்சது அவங்க செலவு, கேட் என் செலவு."

நடுவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "வீடு வாங்க வந்தப்ப அந்தக் கேட்டைப் பாத்தீங்களா?"

"பாக்காம எப்படி?" என்றவர், சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பின்னாடி ஒரு மனை இருக்கு, அதுக்கு இதுதான் வாசல்னு கண்ணுக்கு எதிர்ல தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீங்க."

அவர் டீச்சருக்குப் போன் போட்டு, கேட் விஷயம் உண்மையா என்று கேட்டார். மறுமுனையில் டீச்சர் போட்ட சத்தம் மேசையைச் சுற்றி எல்லோருக்கும் கேட்டது. "அவ பொய் சொல்ல மாட்டா. நீங்க அடைக்கறதா இருந்தா நான் வித்தே இருக்க மாட்டேன்!"

அதற்குமேல் இழுக்க ஒன்றுமில்லை. கம்பி வண்டி போகும் அகலம் பாதைக்கு. அதில் அவர் கார் நிறுத்தக்கூடாது, இவள் இரும்பை அடுக்கக்கூடாது. தரை பெயர்ந்தால் சரிசெய்வது இவள் பொறுப்பு. பத்திரம் தயாரானதும் கணவர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "வழி உரிமை பின்மனைக்குன்னு இருக்கு. உன் பேரே இல்லையே?"

"பேர் போட்டா பேரோட போயிடும்" என்றார் வக்கீலம்மா. "இது மனையோட ஒட்டினது. நாளைக்கு யார் கைக்குப் போனாலும் வழி கூடவே போகும்."

அக்கா அதை மனதில் புரட்டிப் பார்த்தாள். அவள் போட்ட கேட்டுகள் எல்லாம் என்றோ ஒருநாள் துருப்பிடிக்கும். இது அப்படியில்லை, அவள் போன பிறகும், அவளைப் பற்றிக் கேள்வியே படாத யாரோ ஒருத்தி இந்தச் சந்தில் தலை நிமிர்ந்து நடப்பாள்.

"வாசிச்சாச்சு, கையெழுத்துப் போடலாமா அக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருங்கண்ணே, பின்மனைக்குன்னு வர்ற அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே.