சூசைநாதன் போட்ட இரண்டு வெட்டு

என் அண்ணன் சூசைநாதன் பெரிய மார்க்கெட்டில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். எடையில் குன்றிமணி குறைக்க மாட்டார், கூடவும் போட மாட்டார். பேரம் பேசினால், "போ, போயி கத்திரிக்கா வாங்கிக்க" என்று விரட்டுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால்தான் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

1933. மில்லில் ஆள் குறைத்தபோது என்னையும் கழித்துவிட்டார்கள். பாதர்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சு கைகொடுத்தது. சேதராப்பட்டுப் பக்கம் பழங்காலத்துத் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்கார முசேயிடம், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்து மனிதர்கள் எலும்பில் செய்த ஊசி, குத்தூசி, இவைதான் அவருக்கு வேண்டும். இரண்டு மாதமாக ஓட்டுச்சில்லு தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமும் இப்படியென்றால் குழியை மூடிவிடுவேன் என்றார். மூடினால் நான் மறுபடி தெருவில். என்ன செய்தேன்? நாய்க்கு என்று சொல்லி அண்ணனிடம் மூன்று கால் எலும்பு வாங்கினேன். முனையைக் கூராகத் தேய்த்து, காப்பித் தண்ணீரில் ஊறப்போட்டுக் குழியில் புதைத்தேன். முசே குழந்தை மாதிரி துள்ளினார். சீ, எனக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் அவருடைய சூப்புத் தட்டில் வினை வந்தது. அதில் கிடந்த எலும்பின் வெட்டில் மெல்லிய கோடு ஒன்று தூக்கி நின்றது. அதே கோடு மூன்று குத்தூசிகளின் அடியிலும் இருந்தது. ஓரிடத்தில் பல் போன கத்தி, எல்லாவற்றையும் வெட்டியது ஒரே கத்தி! அவர் வீட்டுச் சமையற்காரி ரோசா ஒரே கடையில் கறி வாங்குகிறவள் அல்ல. ஆகவே முசே ஒரு போலீஸ் சிப்பாயைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டில் கடை கடையாக ஏறினார். செய்தவன் எவனானாலும் இன்றைக்கே ஜெயில் என்றார். துபாஷி நான்தான், கூடவே போனேன்.

இரண்டு கடைகளில் எலும்பை வெட்டச் சொல்லிப் பார்த்தார். கோடு இல்லை. மூன்றாவதாக, கடைசியாக, அண்ணன் கடை. அவர் என் அண்ணன் என்று முசேக்குத் தெரியாது. குத்தூசிகளைக் கறிக்கட்டையில் வரிசையாக வைத்தார்.

"ஒரு எலும்ப வெட்டிக் காட்டணுமாம்," என்றேன்.

அண்ணன் குத்தூசிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிப்பாயைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

அவர் கத்தியில் பல் போனது நுனிப்பக்கம். முப்பது வருஷமாக நுனிப்பக்கமாகவே வெட்டிப் பழகிய கை. ஓங்கினார். மாதாவே! ஒரே போடு. முசே பூதக்கண்ணாடியை வைத்தார். கோடு இல்லை.

"இன்னொன்று," என்றார் முசே.

அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எலும்பைத் தன் பக்கம் நான்கு விரற்கடை இழுத்து வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், கத்தியின் பல் போகாத அடிப்பக்கமாக வெட்டுகிறார். இரண்டாவது வெட்டும் வழவழவென்று விழுந்தது.

முசே அந்த ரத்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூப்பில் கண்டது தற்செயல் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். அவருக்கும் நம்ப ஆசை. குத்தூசிகள் கப்பலேறிப் பாரீசுக்குப் போயின.

"ஏண்டா யூஜினு, நாய்க்குன்னுதான கேட்ட?" வீட்டில் அண்ணன் கேட்டது அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு சம்பா கோயில் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனோம். அண்ணன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறாதவன் நன்மை வாங்கக் கூடாது. அடுத்த வாரமும் அப்படியே.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கயேன்," என்றேன்.

"பண்ணா சாமியாரு இன்னா சொல்வாரு? போயி நெசத்தச் சொல்லுன்னுவாரு. சொன்னா நீ உள்ள போவ. வுடுறா."

ஊர் சும்மா இருக்குமா? சூசைநாதன் எவளையோ வைத்திருக்கிறான் என்றார்கள். அண்ணி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐந்து வருஷம் அண்ணன் வாயே திறக்கவில்லை. சாகக் கிடந்தபோது சாமியார் அவஸ்தை எண்ணெய் பூச வந்தார். அதற்கும் முதலில் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். அவரையும் தலையசைத்துத் திருப்பி அனுப்பினார்.

அப்போது நான் கட்டிலோரம்தான் நின்றிருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள் நானே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாராவாரம் நன்மை மட்டும் வாங்கினேன்.