இல்லாத குடும்பத்துக்கு ஒரு அத்தியாயம்

ஊசித்தட்டானைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் என் தொல்லைகளில் பாதி குறைந்திருக்கும். பனவடலிசத்திரத்தில் இருக்கும் என் பெரியப்பா அதைப் பயிருக்கு விழும் பூச்சி என்று நினைத்துக்கொண்டு, என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அது பயிரைத் தொடாது, கொசுவைத்தான் பிடித்துத் தின்னும் என்று சொன்னால், பிறகு ஏன் ஊரில் இவ்வளவு கொசு என்பார். அதற்கும் நான்தான் பொறுப்பு என்பது போல ஒரு பார்வை வேறு.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். டாக்டர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு இன்னொரு கல்லூரியின் வாசலில் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு கிடையாது. தீசிஸ் தேறினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

தீசிஸை இழுத்தடித்தது பூச்சி என்று சொன்னால் அது பாவம். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் குளங்களில் மழைத் தண்ணீர் நின்றால் போதும், ஊசித்தட்டான்கள் ஒழுங்காக வந்து கோரைப் புல்லில் உட்கார்ந்துவிடும். மனிதர்கள்தான் ஒழுங்காக இல்லை. ஒரே ஒரு ஊசித்தட்டானை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்ற சண்டையில் என் தலைமுடி பாதி நரைத்தது.

இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தட்டான் உட்காரும்போது இறக்கையை விரித்து வைக்கும். ஊசித்தட்டான் முதுகுக்கு மேலே சேர்த்து மடக்கிக்கொள்ளும். இது சுலபமாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் ஊசித்தட்டானிலேயே ஒரு குடும்பம் இறக்கையை விரித்துக்கொண்டுதான் உட்காரும். சரி, நிறத்தைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் இளசில் ஒரு நிறம், முற்றினால் வேறு நிறம். சில இனங்களில் பெண்களிலேயே ஒன்று காவி நிறமாக இருக்கும், இன்னொன்று ஆணைப் போலப் பச்சையாக வேஷம் கட்டிக்கொண்டு திரியும். அதனால்தான் முன்னோர்கள் நிறத்தை நம்பாமல் இறக்கை நரம்பைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த நரம்பு எங்கே கிளம்புகிறது, எங்கே நிற்கிறது, எது இல்லவே இல்லை என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் குடும்பங்களைப் பிரித்தார்கள்.

கடையநல்லூருக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்கும் ஒரு கால்வாயில் நிழல் விழும் இடத்தில் எனக்கு அந்தச் சண்டைக்கார ஊசித்தட்டான் கிடைத்தது. கறுத்து ஒல்லியான உடம்பு, நெஞ்சுப் பக்கத்தில் சிவப்புக் கோடு. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவர்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வலையை வீசிப் பிடித்தார், அந்தத் தியாகத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். நிறம் போகாமல் இருக்க அசிட்டோனில் ஊறப்போட்டு எடுத்து லென்ஸில் பார்த்தேன். இறக்கையின் கீழ் ஓரத்தையொட்டி ஓட வேண்டிய நரம்பு, கிளம்பிய இடத்திலேயே நின்றுபோயிருந்தது. பழைய புத்தகத்தின்படி அப்படி நரம்பு குறைந்தவை எல்லாம் புரோட்டோநியூரிடே என்ற குடும்பம்.

அந்தக் குடும்பத்தைத்தான் கலைத்துவிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பூச்சிகளிலும் அந்த நரம்பு தனித்தனியாகக் குறைந்திருப்பது தெரிந்துபோயிற்று. ஆகவே அமெரிக்கக் கண்டத்துப் பூச்சிகளை ஒரு குடும்பத்தில் தள்ளிவிட்டு, நம் பக்கத்துப் பூச்சிகளை பிளாட்டிக்னெமிடிடே என்ற குடும்பத்தில் சேர்த்தார்கள். உலகமே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர் நான் அறிந்து ஒரே ஒருவர்தான், அவர் என் கைடு.

அவர் எங்கள் துறைத் தலைவர், ஓய்வு பெறப் போகிறவர். கோவிலையொட்டிய ரத வீதியில் வீடு. அவர் டாக்டர் பட்டம் வாங்கியதே புரோட்டோநியூரிடேயின் இறக்கை நரம்புகளுக்காகத்தான். அந்தக் குடும்பம் இல்லை என்று அவரிடம் சொல்வது, அவர் வாலிபம் முழுக்கச் செய்தது இல்லை என்று சொல்வதற்குச் சமம். இதெல்லாம் எனக்கும் புரியும். ஆனால் புரிந்துகொண்டால் மட்டும் தீசிஸ் முடிந்துவிடுமா? மூன்றாம் அத்தியாயத்தில் நான் பிளாட்டிக்னெமிடிடே என்று எழுதிக் கொடுப்பேன், அவர் அடித்துவிட்டுப் புரோட்டோநியூரிடே என்று மேலே எழுதித் தருவார். நான் மறுபடி மாற்றுவேன், அவர் மறுபடி அடிப்பார். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கூடப் போடாமல் நகர்த்தி வைத்தார்.

"பூச்சிய அரைச்சு டியூப்ல ஊத்தி குடும்பம் சொல்லுதான். ஒரு நாளாவது இறக்கைய லென்ஸ்ல வச்சுப் பாத்திருப்பானாம்மா அவன்?" என்றார்.

வீட்டுக்கு வந்து புலம்பினால் கணவர் வேறு சமாதானம் சொல்ல வந்தார். "நம்ம ஊரும்தான் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்து தென்காசி மாவட்டத்துக்குப் போயிட்டு. வீடு எங்கன இருந்துச்சோ அங்கனதான இருக்கு? அவரு சொல்லுத மாதிரியே எழுதிக் குடுத்துட்டுப் போயேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலாசத்தில் பழைய மாவட்டத்தைப் போட்டாலும் தபால் வந்து சேரும், தீசிஸில் பழைய குடும்பத்தைப் போட்டால் அது திரும்பித்தான் வரும் என்று கத்தினேன். குழம்புக்கு உப்புப் போட மறந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் கைடே ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தியாயத் தலைப்பில் புரோட்டோநியூரிடே என்று இருக்கட்டும், அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் சிலர் இதை பிளாட்டிக்னெமிடிடே என்பர் என்று போட்டுக்கொள் என்றார். சிலர்! உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அந்தச் சிலருக்குள் அடங்கிவிட்டார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது, எனவே பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதினேன். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்தில் இருந்த ஊசித்தட்டான் என்னுடையதாகத்தான் இருக்கும்.

வெளியூரிலிருந்து தீசிஸைத் திருத்திய எக்ஸ்டர்னல் என்னைவிட வயதில் சின்னவர். மற்ற அத்தியாயங்களைப் பாராட்டிவிட்டு, மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார். ஆய்வாளர் எந்தக் குடும்பத்தை ஏற்கிறார் என்பதை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெளிவாகச் சொன்னால்தான் பட்டத்துக்குப் பரிந்துரைப்பேன் என்று. அதைக் கைடிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார், காபி கொடுக்கச் சொன்னார், பிறகு சொன்னார்: "கேட்டா புரோட்டோநியூரிடேன்னு சொல்லு. வேற எதையாவது சொன்னன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

வைவா அறிக்கையில் எக்ஸ்டர்னலும் கையெழுத்துப் போட வேண்டும், கைடும் போட வேண்டும். ஒருவருக்குப் பிடித்த பதிலைச் சொன்னால் இன்னொருவர் கையெழுத்து போச்சு. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நம் ஊரில் வைவா என்பது கல்யாணத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சொந்தக்காரர்களைக் கூப்பிட வேண்டும், பொன்னாடை வாங்க வேண்டும், மதியச் சாப்பாடு போட வேண்டும், வந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட நாமே எழுதிக் கொடுத்துப் பழக்கி வைக்க வேண்டும். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கும் சமயத்தில் நாள் குறித்துவிட்டார்கள். ஊரில் ஒரு லாட்ஜிலும் அறை இல்லை, எக்ஸ்டர்னலைத் தங்க வைக்க என் கணவர் கால் தேய அலைந்தார். எக்ஸ்டர்னல் பிரியாணி சாப்பிடுவார், கைடு சைவம் என்பதால் இரண்டு பந்தி வேறு. வேலை போகுமா நிற்குமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அப்பளம் போதுமா என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள்.

செமினார் ஹாலில் முன்வரிசை முழுக்க என் சொந்தம். பெரியப்பாவிடம் கையைத் தூக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். குளங்கள், மழை, எண்ணிக்கை எல்லாம் சொல்லி முடித்து, மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தேன். திரையில் அந்த இறக்கை வந்தது. எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எந்தக் குடும்பம் மேடம்?"

பிளாட்டிக்னெமிடிடே என்பதுதான் பதில், அது எனக்குத் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கைடு எழுந்து நின்றார். சொன்னபடியே வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். இத்தனை பேருக்கு நடுவில் இப்படிச் செய்கிறாரே மனுஷன் என்று ஆத்திரம் வந்தது.

அவர் போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எங்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி சார்" என்றார். "அந்தப் பிள்ளை மொதல்லயே சரியாத்தான் எழுதிக் குடுத்தா. நான்தான் அடிச்சு அடிச்சு மாத்துனேன். புரோட்டோநியூரிடேன்னு ஒரு குடும்பம் இப்ப இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹாலில் யாருக்கும் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. எக்ஸ்டர்னல் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த ஸ்லைடைப் போடுங்கள் என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதர் தன் வாழ்நாள் வேலையைப் பத்துப் பேருக்கு முன்னால் இறக்கி வைத்திருக்கிறார், அடுத்த ஸ்லைடாம். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தையை என்னிடம் தனியாக, இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இவருக்கு என்ன குறைந்திருக்கும்?

எல்லாரும் கைதட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள், சாப்பிடக் கிளம்பினார்கள். தலைப்பைத் திருத்தி, பக்கத்தில் கைடு சுருக்கொப்பம் இட்டுக் கொடுத்தால் அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்விடுவேன் என்று எக்ஸ்டர்னல் சொல்லியிருந்தார். பைண்டு செய்த தீசிஸில் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கைடு முன்னால் நீட்டினேன். இத்தனை வருடம் அடித்தவர்தானே, இதையும் அடிக்கட்டும் என்ற வீம்பு எனக்கு. அவர் பேனாவை வாங்கினார், அந்தப் பெயரின் மேல் கொண்டுபோனார், பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீயே அடிச்சிரும்மா. பக்கத்துல நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கு அத அடிக்கக் கை வர மாட்டேங்கு."

என்றைக்கு அடிப்பேன் என்று நான் துடித்துக்கொண்டிருந்த பெயர் அது. அடித்தேன். கோடு நேராக விழவில்லை, அழுகை வந்துவிட்டது. அதற்கும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.