கோட்டுக்குள் எங்கள் அப்பா

என் அண்ணன் பொய் சொன்னான். வாயால் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அப்பா செத்த அன்று, விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் எட்டடிக்கு பிளக்ஸ் கட்டிச் சொன்னான்: "தொழிலதிபர்."

எங்கள் அப்பா பிளம்பர். முட்டி தேய்ந்து வேலையை விடும்வரை இந்த ஊரில் பாதிக் கக்கூஸ் அவர் கை பட்டதுதான். விட்ட பிறகும் அடங்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து பார்ப்பார். என் வீட்டுக்கு வந்தால் ஒரு பாக்கெட்டில் பேரனுக்கு பிஸ்கட், இன்னொரு பாக்கெட்டில் குழாய்க்கு வாஷர்.

"எழவு வீட்டுலயும் கொழாயத் திருவிக்கினு நிக்கிறாரு, மானம் போவுது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போனோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தது. அப்பாவைக் காணோம். தேடினால் மொட்டைமாடியில் வேட்டியை மடித்துக்கட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"எறங்கி வாங்க, பஜ்ஜி ஆறுது!" என்று பெண்ணின் அப்பா கீழேயிருந்து கத்தினார்.

"ஆறட்டுங்க. தொட்டி வழிஞ்சி தண்ணி வீணா போவுதே, காதுல விழல?"

அப்பா இறங்கியபோது தண்ணீர் நின்றிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் அப்பா சொன்னார்: "பிளம்பருக்கு போன் பண்ணிக்கினே கீறேன், ஒருத்தனும் வரல. பொண்ணு உங்க வீட்டுக்குத்தாங்க." அண்ணன் என்ன படித்திருக்கிறான் என்றுகூட அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அந்த அண்ணன்தான் திண்டிவனத்திலேயே ஆபீசராகிக் குடியேறி, இப்போது "தொழிலதிபர்" என்று அடித்தவன். போதாததற்கு பிளக்ஸ் கடைக்காரன் அப்பாவின் தலையை யாரோ ஒரு குண்டு ஆளின் கோட்டில் ஒட்டியிருந்தான். நாலு அங்குலக் குழாயில் ஒரு அங்குலக் குழாயைச் செருகியதுபோல் இருந்தது கழுத்து. அப்பா பார்த்திருந்தால், "இது லீக்காவும்" என்றிருப்பார்.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. கக்கூஸ் பைப்பு போட்டவருன்னா அடிக்கச் சொல்ற?"

"ஆமா, அடி."

"நீ சும்மா இருடி."

சாவு வீடு என்று சும்மா இருந்தேன்.

மறுநாள் முண்டியம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வாடிய மாலையோடு வந்தார். அவர் மகள் கல்யாணத்தன்று குழாய் வெடித்தபோது ஓடிப்போய்ச் சரிசெய்து, ஈர லுங்கியோடு பந்தியில் உட்கார்ந்தவர் அப்பா.

"நேத்தே வந்தேம்மா. முனையில பேனரைப் பார்த்தேன். யாரோ கோட்டு போட்ட பெரிய மனுசன், நம்ம பைப்புக்காரர் வேற தெருவு போலருக்குன்னு நெனச்சிட்டேன். தெருத்தெருவா சுத்திட்டு வந்தா தூக்கிட்டாங்கன்னாங்க. மொகத்தைக்கூட பாக்கலியே!"

அவர் கொண்டுவந்த மாலையைப் படத்துக்குப் போட்டேன். அது லுங்கி கட்டிய படம்.

வரும் ஞாயிறு கருமாதி. அதற்கும் அதே கோட்டில் பிளக்ஸ் சொல்லியிருக்கிறான். அண்ணா, அன்றைக்கு உன் ஆபீஸ்காரர்கள் வருவார்கள், உன் மாமனார் வருவார், அந்த அம்மாளையும் நான் கூப்பிட்டிருக்கிறேன். பந்தி போடுவதற்கு முன்னால், எல்லார் எதிரிலும் எழுந்து நின்று, சத்தமாகச் சொல்: நம் அப்பா என்ன வேலை செய்தார்?