கொல்லைப் படலைத் தாண்டாத வண்டி

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேருக்கு அண்ணனை அவருடைய மோட்டார் சைக்கிளை வைத்துத்தான் தெரியும். அதிலும் பலர் அந்த வண்டியைக் கண்ணால் கண்டதில்லை, சத்தத்தைக் கேட்டதோடு சரி. ஏன் அப்படி என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கூடப் பிறந்தவள் நான் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

அண்ணன் ஆலங்குடிக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் பிறந்தார். புதுக்கோட்டையில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தார். கணக்கில் கெட்டிக்காரர், கையெழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கும். மேலே படிக்க ஆசைப்பட்டார். அதற்குள் எங்கள் தந்தையார் போய்விட்டார்.

தந்தையார் கடலை வியாபாரம் செய்தவர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதில்தான் ஊர் ஊராகப் போய்வந்தார். ஒரு மழைக்காலத்தில் பாலத்தருகே குறுக்கே ஓடிய ஆட்டுக்காக வண்டியை ஒடித்தார். விழுந்தவர் எழவில்லை. ஆடு பிழைத்துக்கொண்டது. வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, மூங்கில் படலே கதவாக இருந்த எங்கள் கொல்லையில் போட்டார்கள். அதை வாங்கவும் ஆளில்லை, தூக்கியெறியவும் ஆளில்லை. எங்கள் ஆத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கோழிகள்தாம் அதில் குடியேறி முட்டையிட்டன.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கடலை மூட்டைக்குத் தோள்கொடுத்தார். என்னைப் படிக்கவைத்தார், பின்னாளில் குறையில்லாமல் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். யுத்தம் தொடங்கிய சமயம், ஒருநாள் கோழிகளை விரட்டிவிட்டு வண்டியின் எஞ்சினைக் கழற்றினார். அடுப்படியிலிருந்து ஆத்தா கையில் அகப்பையோடு வந்து நின்றார்.

"ஒங்க அப்பன முழுங்குனது பத்தாதாடா அதுக்கு? ஒன்னையுங் குடுக்கணுமா?"

"ஓட்ட மாட்டேன் ஆத்தா. சரி பண்ணி மட்டும் வச்சுக்கிறேன். அப்பா வண்டி இப்புடிக் கெடக்குறதப் பாக்க முடியல."

"சத்தியம் பண்ணு."

அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஆத்தாவின் தலைமேல் வைத்தார். "கொல்லப் படலத் தாண்டாது" என்றார். பெற்றவள் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அவள் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏற்கெனவே ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளை அதை மீறுமா?

அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அண்ணன் கொல்லையில்தான் இருப்பார். துருவேறிய பெட்ரோல் டேங்கில் புளித்தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டுக் கை ஓயும்வரை குலுக்கினார். எண்ணெய் கசியாதிருக்கப் பழைய காலண்டர் அட்டையை வெட்டி எஞ்சின் மூடிக்கு அடியில் வைத்தார். கார்புரேட்டரில் ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் என்னிடம் வருவார்.

"தங்கச்சி, ஒரு முடி குடு."

"குடுத்துக் குடுத்து நான் மொட்டையாப் போயிருவேண்ணே. அப்பறம் எவன் கட்டுவான்?"

"மொட்டைக்கும் ஒரு மாப்ள பாத்துருவோம், நீ குடு."

கிடைக்காத சாமான்களையெல்லாம் கட்டுமாவடியிலிருந்து கருவாடு கொண்டுவரும் காசிம் மரைக்காயர்தான் எங்கெங்கோ சொல்லிவைத்துத் தேடிக்கொடுத்தார். அண்ணனுக்கு அவர் உயிர்ச் சிநேகிதர். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த நாளிலும் அவர் கையில் ஒரு பாட்டில் இருக்கும்.

வண்டி உயிர்பெற்ற நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் அண்ணன் அதை ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்துக் கிளப்புவார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஒரு குச்சியின் முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். திருகாணியைத் துளி திருப்புவார், மறுபடி கேட்பார். முதலில் பட்பட்டென்று வெடித்துத் தெருவையே எழுப்பிய எஞ்சின், போகப்போக உரலில் நெல் குத்துவது போல ஒரே சீராக விழத் தொடங்கியது. விரட்டப்பட்ட கோழிகள்கூடப் பயம் விட்டுத் திரும்பிவந்து பக்கத்தில் மேய்ந்தன.

மறுநாள் காலையில் அதே அண்ணன் ஓட்டை சைக்கிளை மிதித்துக்கொண்டு வெயிலில் சந்தைக்குப் போவார். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"கோயில் வாகனமாச்சும் வருசத்துக்கு ஒருநாள் தெருவுக்கு வரும். ஒங்க வண்டி அதுக்குமில்லையேப்பா!"

"சத்தம் நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அண்ணன் மிதித்துப் போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஆத்தாமேல் எனக்கு அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது.

ஒருமுறை, "ஆசையா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆலங்குடி ரோட்டுல மூணாவது கியரப் போட்டா எப்புடிக் கேக்கும்னு மட்டும் தெரிஞ்சுக்கணும். வேற ஒண்ணுமில்ல" என்றார். ஸ்டாண்டில் சுற்றும் சக்கரத்துக்குப் பாரம் கிடையாது. ஆள் ஏறி ரோட்டில் போனால்தான் எஞ்சினின் உண்மையான குரல் தெரியுமாம். இதை அவர் ஆத்தாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் மனசு சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்தது. அண்ணனுக்குப் பெண் பார்த்து, தையில் முகூர்த்தம் வைத்தோம். கார்த்திகையில் விஷக்காய்ச்சல் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து டாக்டர் வந்து பார்த்தும் காய்ச்சல் இறங்கவில்லை. "ஞாயித்துக்கெழம வண்டியக் கெளப்பலையே தங்கச்சி" என்பதுதான் என்னிடம் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆத்தா காசிம் மரைக்காயரைக் கூப்பிட்டார். "வண்டிய நீ கொண்டுபோயிருப்பா. இங்க கெடந்தா எனக்குத் தாங்காது."

"நான் எப்புடி அத்தை…" என்று அவர் தயங்கினார். ஆத்தா தாமே போய்ப் படலைத் திறந்துவிட்டார்.

ஒரே உதையில் கிளம்பியது. மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருஷமும் எங்கள் கொல்லையிலேயே நின்று கேட்ட சத்தம் அன்றைக்குத்தான் முதல்முறையாக நகர்ந்தது. தெருவைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, ஆலங்குடி ரோட்டில் ஏறியது. அங்கே சத்தம் ஒரு கணம் தணிந்து, பிறகு கனத்து, ஒரே இழையாக நீண்டது. மூன்றாவது கியர். அண்ணன் கேட்க ஆசைப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஆத்தா படலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஓயும்வரை நின்றார்.

"தையில, கல்யாணத்தன்னைக்கி, பொண்ண வச்சு நீயே ஓட்டிக்கிட்டு வாடான்னு சொல்லலாம்னு இருந்தேன்டி" என்றார். "காச்சல்ல கெடந்தப்பவே சொல்லியிருப்பேன். சத்தியத்தத் திருப்பிக் குடுத்தா, போயிட்டு வான்னு சொன்ன மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்."

அதன்பிறகு எனக்கு ஆத்தாமேல் கோபமில்லை. ஆத்தாவின் அந்த ஒரு வார்த்தை அண்ணன் காதில் விழாமல் போயிற்றே என்ற வருத்தம் மட்டும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

அண்ணனின் நோயில் இரவுபகல் பாராமல் வந்துபோன டாக்டருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், முறிந்துபோன சம்பந்தத்தை முறியாத உறவாக இன்றும் நடத்திவரும் பெண் வீட்டாருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காசிம் மரைக்காயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதியன்று எங்கள் வீட்டில் இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வேளையில் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். யாரும் திடுக்கிட வேண்டாம். மரைக்காயர் பஸ்ஸில் வருவதாகத்தான் சொல்லியனுப்பினார். ஆத்தாதான், "வண்டியிலதான் வரணும், வாசல் வழியா வரணும்" என்று சொல்லிவிட்டார்.