முப்பது மேஜைத் துணியும் மேஜையே இல்லாத விருந்தும்

பந்தி மேஜையைச் சோடிப்பது என்பது, பதினைந்தே நிமிடத்தில் சாம்பார் சிந்தப்போகிற இடத்துக்குக் கல்யாணப் பெண்ணுக்குப் போல அலங்காரம் செய்வது. பேப்பர் ரோலை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் அது தலைக்குமேல் சுற்றும் காத்தாடிக் காற்றில் எழுந்து மூஞ்சியில் அறைந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ, அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள்.

தொழில் என் மதினியுடையது. அண்ணன் பொண்டாட்டி. பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு, "சேலையக் கட்டுனா அழகு, விரிச்சா அதவிட அழகு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். தறி முதலாளி அவள் இடத்தை ஒரு மாசம் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வயது பதினேழு. பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கக் காத்திருக்கிறேன். யார் குரலிலும் பேசுவேன், தறிச் சத்தம் உள்பட. இந்த இரண்டாவது தகுதியை மதினி கேட்கவே இல்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மேனேஜர் தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். "க்ஹூம். அதாவது பாருங்க, மூணு விசேசம் பாப்பேன். நல்லாருந்துச்சுன்னா வருசம் பூராம் மேஜை வேல ஒங்களுக்கு. இல்லேன்னா மதுரப் பார்ட்டிக்குப் போனப் போட்ருவேன்." அவர் வாசல் தாண்டுவதற்குள் நான் அந்தக் 'க்ஹூம்'மைப் பிடித்துவிட்டேன்.

சேலை கட்டிய மேஜை

முதலில் ஒரு காதுகுத்து. விசேச வீட்டார் அலங்காரத்துக்கு ஒதுக்கியதில் பேப்பர் ரோல் வாங்கினால் கயிறு வாங்க மிச்சமிருக்காது. மதினி தன் பழைய தறிக்குப் போய், பாவு நூல் அறுந்து கோடு விழுந்த டேமேஜ் சேலைகளை மூட்டையாக வாங்கி வந்தாள். துவைத்துத் தேய்த்து, மேஜையின் முன்பக்கம் தரைவரைக்கும் கொசுவம் வைத்துத் தொங்கவிட்டோம். கோடு விழுந்த இடமெல்லாம் கொசுவ மடிப்புக்குள்ளே போய்விட்டது. சாப்பிடுகிறவருக்கு இலைதான் தெரியும். இடத்துக்குக் காத்து நிற்கிறவருக்குத்தான் மேஜை தெரியும், அதனால் சோடனை முன்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது மதினியின் கணக்கு.

அரக்கும் பச்சையுமாக ஒரு வரிசை மேஜை, பட்டாளம் மாதிரி நின்றது. நிஜமாகவே கண் பட்டுவிடும் போலிருந்தது. மதினி ஒவ்வொரு கொசுவமாக நீவிக்கொண்டிருந்தபோது ஓர் அத்தை வந்து மேஜையைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், மறுபடி மேஜையைப் பார்த்தார். அதே அரக்கு, அதே பச்சைக் கரை. போட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்து அவர் சொன்னார்: "தம்பி, என்னையும் இந்த மேஜையையும் சேத்து மட்டும் எடுத்துராத, எது நான்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது!"

பூ இல்லாத ஜாடி

இரண்டாவது ஒரு கல்யாணம். முகூர்த்த நாளில் பூ விலையைக் கேட்டுவிட்டு வந்த மதினி, கொண்டுபோன கூடையைப் பரணில் தூக்கிப் போட்டாள். பிறகு என்னைப் பஸ்ஸில் ஏற்றித் திருச்சுழிப் பக்கம் எங்கள் பருத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். கடைசிப் பஞ்செடுப்பு முடிந்து, பிடுங்கி எரிக்க வேண்டிய பருத்திச் செடி மாரில் வெடித்த காய்கள் அங்கங்கே வெள்ளை வெளேரென்று நின்றன. காம்போடு வெட்டி, காய்ந்த சோளக்கதிரோடு சேர்த்துக் கட்டி, நூல் தீர்ந்து காலியான தறி அட்டைக் கோனுக்குள் செருகி நிறுத்தினோம். தறிக்காரி போட்ட முடிச்சாயிற்றே, காத்தாடியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டும் ஒரு பஞ்சுகூட அசையவில்லை.

பரிமாறுகிறவர் வாளி இடிக்காத ஓரமாகப் பார்த்து வைத்தோம். முதல் பந்தியில் பருத்தி போடும் ஒரு சம்சாரி. வெயிலில் கறுத்த முகம். அப்பளத்தை நொறுக்காமல் கையில் பிடித்தபடி அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "ஏத்தா, இத எடுக்க ஆள் கெடைக்காம நான் காட்டுல அல்லாடுறேன், நீ மகாராணி கணக்கா கொண்டாந்து ஒக்கார வச்சிருக்க! இது இம்புட்டு அழகுன்னு தெரிஞ்சிருந்தா மருந்தடிக்கையில கொஞ்சம் பாத்து அடிச்சிருப்பேன்."

நாலே நாலு

மூன்றாம் பந்தி முடிந்தபோது சில கோன்களைக் காணோம். வாசலில் ஓர் அக்காவின் கட்டைப் பைக்குள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. நான் பையையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவர் கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "தாம்பூலப் பையோட இதுவும் உண்டுன்னுல்ல நெனச்சேன்! வீட்ல நாலு பேரு, அதான் நாலே நாலு எடுத்தேன்."

மாடியில் ஐஸ்கிரீம்

இதே கல்யாணத்தில்தான் நான் செய்த காரியமும். முதல் பந்தியில் மோர் ஊற்றும்போதே இரண்டாம் பந்திச் சனம் நாற்காலிக்குப் பின்னால் ஆளுக்கொரு முதுகைப் பிடித்து நின்றுகொண்டது. நீங்களும் நின்றிருப்பீர்கள், மறைக்காதீர்கள். எச்சில் இலையை எடுத்து, துணியைச் சரிசெய்து, கோனை நிறுத்த எங்களுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். மதினியை யாரும் உள்ளேயே விடவில்லை. நான் தூணுக்குப் பின்னால் போனேன். "க்ஹூம். அதாவது பாருங்க, மாடியில ஐஸ்கிரீம் குடுக்குறாக."

கூடம் காலியாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் மேஜைகளைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம். மாடியில் ஐஸ்கிரீம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் அங்கேதான் இருந்தார், சாம்பார் கொட்டிய வேட்டியை அலசிக் காயப்போட்டுக்கொண்டு இருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது. முன்னால் போன மாமா படியிலிருந்தே சத்தம் போட்டது கீழே கேட்டது: "என்னங்க மேனேஜரே, ஐஸ்கிரீமுன்னு கீழ நின்னு கூவிட்டு, மேல வந்து கைலியோட நிக்கிறீக!"

சும்மாடு

மேனேஜர் சிரிக்கவில்லை. "க்ஹூம். கடைசி விசேசம் வீரசோழன்ல. நேத்துப் போன் பண்ணுனாகள்ல, எனக்கு வேண்டிய அந்தப் பாய் வீடு. நானே வந்து சாப்பிட்டுப் பாக்கப்போறேன்" என்று மட்டும் சொன்னார். மதினி என்னைப் பார்த்து, "இனி வாயத் தொறந்தே, வாய்க்கும் சேத்துக் கொசுவம் வச்சுருவேன்" என்றாள். தறி முதலாளி சொன்ன மாசம் முடிய நாலு நாள்தான் இருந்தது.

நான் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தேன். முந்தின நாள் பாய் போன் செய்தபோது மதினி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலிலேயே நான் பேசினேன். வளைகுடாவில் பல வருசம் இருந்துவிட்டு வந்த அவர் 'மா'வை இழுத்து இழுத்துப் பேசிய அழகைப் பிடிப்பதிலேயே இருந்துவிட்டேன், என்ன சொன்னார் என்பதைப் பிடிக்கவில்லை. நோட்டில் 'முப்பது' என்று எழுதினேன். "என்ன முப்பது?" என்றாள் மதினி. "மேஜைதான்" என்றேன்.

வீரசோழனில் இறங்கினோம். பந்தல் இருந்தது, கோரைப்பாய் விரித்திருந்தது, ஒரு மேஜைகூட இல்லை. பாய் போனில் சொன்னது முப்பது சஹன். அகலமான ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றித் தரையில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முப்பது மேஜைக்கான கொசுவத்தோடு நாங்கள் நின்றோம். நான் போனில் பேசியதை ஒப்புக்கொண்டேன். மதினி மூட்டையை மெல்லத் தரையில் இறக்கினாள். "மறுபடியும் தறிச் சத்தந்தான் போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மண் தரை, மேடு பள்ளம். ஒத்திகைக்கு வைத்த காலிச் சஹன் பாய்மேல் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. மதினி அதையே பார்த்தாள். மூட்டையிலிருந்து ஒரு சேலையை உருவி, கொசுவத்தைப் பிரித்து, முறுக்கிச் சுருட்டி வளையமாக்கினாள். குடம் சுமக்கத் தலையில் வைக்கும் அதே சும்மாடு, ஆனால் ஒரு முழுச் சேலையில். கரை வெளிப்பக்கம் சுற்றி வர, அதன்மேல் சஹனை வைத்து அழுத்தினாள். ஆடவில்லை. நான் முறுக்கினேன், அவள் சுற்றினாள். முப்பது சேலை, முப்பது சும்மாடு. நெய்ச்சோறு வந்து உட்கார்ந்தபோது ஒவ்வொரு சஹனும் கரை போட்ட சிம்மாசனத்தில் இருந்தது. மிச்சமிருந்த பஞ்சுக் கோன்களைக் கைகழுவுகிற இடத்தில் வரிசையாக நிறுத்தினோம்.

சாப்பிட்டு எழுந்த பாய் மதினியைத் தேடி வந்தார். "துபாய்ல எவ்ளோ பெரிய விருந்தெல்லாம் பாத்திருக்கேன்மா. அஞ்சு பேரு கை வச்சும் சஹன் ஆடாம சாப்பிட்டது இன்னிக்குத்தான்!"

செருமல்

பக்கத்தில் மேனேஜர், கையில் ஏலக்காய் வாசத்தோடு. "க்ஹூம். அதாவது பாருங்க, வேலையில கொறை இல்ல. ஆனா அன்னிக்கு என் குரல்ல பேசுனது யாரு?" மதினி தரையைப் பார்த்தபடி, "ஆள் தெரியலண்ணே" என்றாள். எனக்காக அவள் பொய் சொல்லி இதற்கு முன்னால் கேட்டதில்லை. "நாந்தான் அண்ணே" என்றேன், என் சொந்தக் குரலில். பழக்கமில்லாததால் யாரோ பேசுவது போலிருந்தது.

"எங்க, பேசிக் காட்டு."

"க்ஹூம். அதாவது பாருங்க..."

பாய் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றது. மேனேஜர் தன் தொண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வருசம் பூராம் மேஜை ஒங்களுக்கு, மைக்கு இந்தப் பிள்ளைக்கு. ஒரே கண்டிசன், ஐஸ்கிரீம் இருந்தா மட்டுந்தான் ஐஸ்கிரீமுன்னு சொல்லணும்."

ஆக மதினி தறிக்குப் போகவில்லை, டேமேஜ் சேலை குப்பைக்குப் போகவில்லை, மேனேஜர்தான் பாவம், இப்போது அவரே நேரில் நின்று செருமினாலும் சனம் என்னைத்தான் தூணுக்குப் பின்னால் தேடுகிறது.