பூட்டுப் போட்ட இலுப்பை

இலுப்பை மரத்தில் பூட்டு தொங்கியதை முதலில் பார்த்தவள் பாஞ்சாலி. எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. பெருமுக்கல் மலைக்குத் தெற்கே இருக்கிற அந்த ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிச்சமிருந்தது. குட்டையின் ஓரமாக அந்த ஒற்றை இலுப்பை. முதுகில் பலகையும் தோளில் கயிறுமாக அவள் வந்து நின்றபோது, மரத்தின் முதல் கவையில் இரும்பு ஆங்கிளைப் பற்றவைத்துச் செய்த இருக்கை ஒன்று பொருத்தியிருந்தது. பச்சை பெயின்ட் இன்னும் வாசனை போகவில்லை. அதை யாரும் கழற்றிக்கொண்டு போகாதபடி, இருக்கையையும் மரத்தையும் சேர்த்துச் சங்கிலி சுற்றிப் பித்தளைப் பூட்டு மாட்டியிருந்தார்கள்.

பாஞ்சாலி பலகையை இறக்கிவைக்கவில்லை. சுமந்தபடியே பூட்டைப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அவளுடைய பலகை, உடைந்துபோன மாட்டு வண்டியின் தளத்திலிருந்து எடுத்தது. இரண்டு ஓரத்திலும் துளை. துளைகளில் பனைநார்க் கயிறு. கட்டுவதற்கு முன்னால் கயிற்றை நன்றாக ஊறவைப்பாள். ஈரமாக இருக்கும்போதே கிளையில் சுற்றி முடிச்சிட்டால், வெயிலில் காயக் காயக் கயிறு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அடியில் ஒரு முட்டுக்கொம்பு கொடுப்பாள். இதெல்லாம் அவள் வேலை. பலகை மேல் உட்கார்ந்து வில்லில் அம்பு பூட்டுவது அவள் புருஷன் பூமாலையின் வேலை. அவன் குறி தப்பாது. ஆனால் அவன் போட்ட முடிச்சு ஒரு தடவை அவிழ்ந்து இரண்டு பேரும் கீழே வந்திருக்கிறார்கள். அதிலிருந்து அவனைக் கயிற்றைத் தொட விடுவதில்லை.

காட்டுப்பன்றி அடிப்பது சட்டப்படி கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பன்றி மல்லாட்டைக் கொல்லையில் இறங்கினால் ஒரு ராத்திரியில் எவ்வளவு வேர்க்கடலை போகும் என்பதும் தெரியும். துப்பாக்கி என்றால் சத்தம் சாலை வரை கேட்கும். வில்லுக்குச் சத்தமில்லை. அதனால் பாஞ்சாலி குடியிருந்த ஏரித்தெருவில் வில் பிழைத்திருந்தது.

ஏரித்தெருக்காரர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஏரி அரசாங்கத்துப் புறம்போக்கு. அங்கே நடப்பதற்கு ஒரு முறை இருந்தது. மத்தியானத்துக்குமேல் யார் முதலில் வந்து பலகை கட்டுகிறார்களோ, அன்றைக்கு மரம் அவர்களுடையது. இறங்கும்போது பலகையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். விட்டுவிட்டுப் போனால் அந்தப் பலகைக்கு எந்த உரிமையும் இல்லை. மறுநாள் வருகிறவர் அதற்கு மேலேயோ கீழேயோ தம்முடையதைக் கட்டிக்கொள்ளலாம். ஏரியில் விழுந்த பன்றி ஏரித்தெருவின் எல்லா வீட்டுக்கும் பங்கு. பட்டா நிலத்தில் விழுந்தால் நிலத்துக்காரருக்குப் பாதி.

இதை நினைத்துத்தான் பாஞ்சாலியின் தலை கொதித்தது. மரத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டால் பன்றிக்கும் சொந்தக்காரர் வந்துவிடுவார்.

ஏரியை ஒட்டியிருந்த கொல்லை சின்னதுரையுடையது. மல்லாட்டை நன்றாகப் பிடித்திருந்தது. பம்புசெட் வாய்க்காலில் அவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பாஞ்சாலி வரப்பில் போய் நின்றாள்.

"ஐயா, இலுப்பைல பூட்டு தொங்குது. யாரு மாட்டுனது?"

"ராஜாமணிதான். திண்டிவனத்துல பட்டறைல சொல்லி அடிச்சிக்கினு வந்தாரு."

ராஜாமணி அவருடைய மனைவியின் தம்பி. திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருப்பவர்.

"அவருக்குப் பூட்டணும்னு ஆசையா இருந்தா மில்லைப் பூட்டிக்கட்டும். ஏரி மரத்தை எதுக்குப் பூட்டறாரு?"

"இன்னாமே செய்யச் சொல்ற? வேட்டைப் பைத்தியம் புடிச்சிக்கிச்சு அவருக்கு. ஞாயித்துக்கெழமையானா வந்துடறாரு. மத்த நாள்ல பூமாலை ஏறி உக்காந்துக்கட்டும். பலமா இருக்குது. உன் பலகையாட்டம் ஆடாது."

"அப்பறம்?"

"வுழுந்ததுல பாதி குடுத்துடுங்க. சீட்டு அவருதாச்சே."

"சீட்டு அவருது. மரம்?"

சின்னதுரை மண்வெட்டியைப் பார்த்தார். "வுடமே. பேஜாரு பண்ணாத. ஊட்டுல அவ தம்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்ல முடியல என்னால."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. பாஞ்சாலிக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது. கெட்ட மனுஷராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

பூமாலைக்கு இதில் கோபமே வரவில்லை. கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "தண்ணி அந்தக் குட்டைல மட்டுந்தான் இருக்குது. பன்னி வேற எங்க வரும்? ஏறி உக்காந்தா இன்னா கொறஞ்சிடும்? பாதியாவது கெடைக்குமில்ல."

"பூட்டு தொங்கறவரைக்கும் என் பலகைல உக்காந்து அடிச்சாலும் அவரு பாதி கேப்பாரு. இன்னிக்குப் பாதி குடுத்தா நாளைக்கு மரம் அவருது. வர்ற வருஷம் குட்டையும் அவருது. அப்பறம் ஏரிக்கு வெளிக்குப் போனாலும் அதுலயும் பாதி எடுத்து வெச்சிட்டு வா."

பூமாலை கூழைக் கீழே வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்குள் பாஞ்சாலி மரத்தில் இருந்தாள். இரும்பு இருக்கைக்கு நேர் மேலே இருந்த கிளையில் பலகையைக் கட்டினாள். கயிறு காய்ந்து இறுகும்வரை பொறுத்திருந்து, முட்டுக்கொம்பை உதைத்துப் பார்த்துவிட்டு, ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் வில் இல்லை. மடியில் வெற்றிலை மட்டும் இருந்தது.

ராஜாமணி மோட்டார் சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டு வந்தார். அவருடைய வில், புதுச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வாங்கியதாம். வார்னிஷ் பளபளத்தது. மரத்தடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரது மேல?"

"நாந்தாங்க. ஏரித்தெரு பாஞ்சாலி."

"எறங்கு."

"உங்க எடம் காலியாத்தான் இருக்குது. உக்காருங்க."

"தலைக்கு மேல ஒரு பொம்பளைய வெச்சிக்கினு எப்படி உக்கார்றது?"

"நான் காலைத் தொங்கவுடலீங்க. மடிச்சிக்கினுதான் உக்காந்துக்கினு இருக்கறேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். போலீசுக்குப் போய், பன்றி அடிக்க வந்த இடத்தில் இடைஞ்சல் என்று சொல்ல முடியாது. ஏறி உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தபோது, குட்டைக்கு எதிர்க்கரையில் கருவேல முள் அசைந்தது. ராஜாமணி அம்பைப் பூட்டினார். பாஞ்சாலி தும்மினாள். முள்ளுக்குள் ஒரு உறுமல் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை.

"வேணும்னே பண்றியா?"

"ஜலதோஷங்க."

அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறு இருமல். நடுவில் வெற்றிலையைத் துப்புவாள். அவர்மேல் ஒரு துளி படாது. அவர் முழங்காலுக்குப் பக்கத்து இலையில் போய் விழும். ராஜாமணி சட்டையைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடிக்க ஆள் அனுப்புவேன் என்றார். அனுப்புங்க, மேல ஏறி வரச் சொல்லுங்க, கயிறு என் கைலதான் இருக்குது என்றாள். அப்புறம் ராஜாமணி வருவது நின்றது. இருக்கையும் பூட்டும் இருந்தபடியே இருந்தன.

அவர் வராததால் தெருவில் மற்றவர்களுக்கு ஆசை வந்தது. ஒரு சாயங்காலம் பாஞ்சாலி விறகு எடுத்துவிட்டு வரும்போது, பச்சை இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பூமாலை. அவள் நேரே வீட்டுக்குப் போய்ப் பலகையை எடுத்து வந்து, அவன் தலைக்கு மேலே கட்டினாள். கயிறு ஊறாததால் முடிச்சு சரியாக விழவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"மே, வருதுமே. சும்மா இரு," என்றான் பூமாலை மெதுவாக. பெரிய பன்றி. குட்டியோடு வந்தது.

பாஞ்சாலி இருமினாள். நெஞ்சு வலிக்கிற மாதிரி இருமினாள்.

அதன்பிறகு பூமாலை அவளோடு பேசவில்லை. சோறு வேண்டுமானால் தட்டைத் தட்டுவான். அவளும் தட்டில் கரண்டியால் ஒரு அடி அடித்துத்தான் சோறு போடுவாள்.

தெருவும் பேசியது. பக்கத்து வீட்டு அம்மணி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா யக்கா, மரத்துலயே குடித்தனம் வெச்சிக்கினியா? புருஷன் கீழ் ஊடு, நீ மாடி ஊடு."

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள்.

"பூட்டுனவனக் கேளு, என்ன எதுக்குக் கேக்கற?"

"அவன் இரும்புல பூட்டுனான். நீ இருமிப் பூட்டிட்ட. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்க ஊட்டுப் பசங்க கறி வாசனய மறந்து மாசமாவுது. பாதி வந்தா பாதிதானேக்கா. இல்லாததுக்கு அது மேல் இல்லியா?"

பாஞ்சாலியிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நீளமாகப் பேச வேண்டும், குடம் நிரம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து, அம்மணி சொன்னதை நினைத்து நினைத்துப் பானையைத் தேய்த்தாள். அம்மணி சொன்னது முழுக்கத் தவறாக இருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். பசங்க விஷயம் தவறில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ராஜாமணிமேல் வந்த கோபத்தைவிட அம்மணிமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் பலகையை எடுத்துக்கொண்டு போனாள். பூமாலை மட்டுமில்லை, அம்மணியின் புருஷன் வெங்கடாசலமும் அந்த இருக்கையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஒருத்தர் பாதி கொடுத்துவிட்டால் போதும், அது பழக்கமாகிவிடும்.

அடிக்க ஆளில்லாமல் பன்றிகள் பெருகின. குட்டையில் இருமல் சத்தம் கேட்டுக் கேட்டு அவை வேறு வழி கண்டுகொண்டன. சின்னதுரையின் பம்புசெட் வாய்க்காலிலேயே தண்ணீர் குடித்தன, பக்கத்திலேயே மல்லாட்டை. காய் முற்றுகிற நேரம். கொல்லையின் கீழ்ப்பகுதி முழுவதும் ஏர் ஓட்டின மாதிரி புரண்டு கிடந்தது.

சின்னதுரை ஏரித்தெருவுக்கு நடந்தே வந்தார். பாஞ்சாலி வாசலில் முறம் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கொல்லையப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"பூமாலைய அனுப்பு. கொல்லையில வுழுந்தாலும் பாதி வேணாம் எனக்கு. முழுசா எடுத்துக்கோங்க."

"பங்கு பத்தி நான் கேக்கலியே. பூட்டு?"

"சாவி திண்டிவனத்துல இருக்குது."

"திண்டிவனம் இன்னா டில்லியா? பஸ் போவுது."

அவர் போனார். சாயங்கால பஸ்ஸில் முகம் கறுத்துத் திரும்பினார். ராஜாமணி மில்லில் ஆட்களை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். "இன்னா மாமா, கூலிக்கார பொம்பள அனுப்பி நீ சாவி வாங்க வந்தியா" என்று கேட்டிருக்கிறார். இதைச் சின்னதுரை யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போன பண்ணையாள் சொல்லி, தெரு முழுக்கத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சின்னதுரை ரம்பத்தோடு ஏரியில் இறங்கினார். தெருவே கரையில் நின்றது. அவரே மரத்தில் ஏறிச் சங்கிலியை அறுத்தார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பிளேடு உடைந்தது. இன்னொன்று போட்டார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பூமாலை உதவிக்கு ஒரு அடி எடுத்து வைத்தான். பாஞ்சாலி அவன் துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரே அறுக்கட்டும்."

பேச்சை நிறுத்திய நாளிலிருந்து அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

சங்கிலி விழுந்தது. இரும்பு இருக்கையைக் கயிறு கட்டி இறக்கி வண்டியில் போட்டார்கள். சின்னதுரை கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"இப்ப திருப்தியா?"

"மரத்தப் பாருங்க. பட்டையெல்லாம் உரிஞ்சி கெடக்குது. இதுல இன்னாங்க திருப்தி?"

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பாஞ்சாலிக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

அன்றைக்கு அவள் கயிற்றை ஊறவைத்தாள். அவசரப்படவில்லை. நார் முழுக்கத் தண்ணீர் குடித்து உப்பும்வரை விட்டாள். வில்லின் நாணுக்குப் பூமாலை மெழுகு தடவினான். இரண்டு பேரும் ஏரியில் இறங்கினார்கள்.

இலுப்பையில் ஒரு பலகை கட்டியிருந்தது. அதன்மேல் வெங்கடாசலம் வில்லோடு உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அடிமரத்தில் சாய்ந்து அம்மணி நின்றிருந்தாள்.

பாஞ்சாலி வாயைத் திறப்பதற்குள் அம்மணி சொன்னாள்: "மொதல்ல வந்தவங்களுக்கு மரம். நீதான் யக்கா மாசக்கணக்கா கத்திக்கினு இருந்த."

பாஞ்சாலி மரத்தைப் பார்த்தாள். அம்மணியைப் பார்த்தாள். வெங்கடாசலம் போட்டிருந்த முடிச்சையும் பார்த்தாள். சுமாரான முடிச்சு, ஆனால் தாங்கும். பூமாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தான்.

"நீ இன்னா பல்லக் காட்டிக்கினு நிக்கற? ஜல்தி நட."

கரையோரமாக நடந்து, குட்டைக்குத் தூரத்தில் ஒரு வளைந்த வேம்பு வரை போனார்கள். பன்றி அந்தப் பக்கம் வருவது அபூர்வம். பாஞ்சாலி ஏறிப் பலகையைக் கட்டினாள். முதல் சுற்றில் அம்மணியை, இரண்டாம் சுற்றில் அம்மணியின் அம்மாவை, முடிச்சை இறுக்கும்போது அவள் பிறந்த ஊரையே சேர்த்துத் திட்டினாள். ஆனால் எல்லாவற்றையும் உதட்டுக்குள்ளேயே திட்டினாள். இலுப்பைக்கு வருகிற பன்றி சத்தம் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது.