கிளட்ச்சிலிருந்து எடுக்காத கால்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய கார் ஒன்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும். ரிவர்ஸைக் கேட்கவே வேண்டாம். காரைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன். வீட்டில் திட்டு வாங்க ஆள் இல்லை. மனைவி திருவாலங்காட்டுக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் அவள் ஊரிலிருந்து திரும்பிய நாளில், ஸ்டேஷனுக்குக் காரோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆலையில் யாரோடோ வாக்குவாதம், மறந்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள்.

"ஒரு நாளாவது நேரத்துக்கு வந்து நின்னுக்கினு இருந்தீங்களா?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "நடந்தா கால் தேஞ்சிடுமா?" என்றேன். மறுநாள் அதே பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

பொன்னேரி மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். இஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தார், சத்தமில்லாமல் விழுந்தது. இஞ்சினை ஓடவிட்டுப் போட்டார்; அரைத்தது.

"கியர் பாக்ஸ் நல்லாகீது சார். கிளட்ச்சுதான் விடமாட்டேங்குது."

கியர் பாக்ஸை இறக்கி, ரிலீஸ் பேரிங்கை எடுத்துக் காட்டினார். பெடலை மிதித்தால் கிளட்ச்சைத் தள்ளுகிற கார்பன் வளையம் அது. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

"கியர்ல போட்டுட்டு கிளட்ச்ச மிதிச்சிக்கினே எங்கனா நிப்பியா சார்?"

"ரயில்வே கேட்ல."

"கேட்டு இன்னா, நாள் பூராவா மூடிக்கினு இருக்கும்?"

அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. மனைவி வந்துவிடுவாள் என்று தினமும் சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பதைச் சொன்னேன். இஞ்சின் ஓடும்; ஃபர்ஸ்ட் கியரில் இருக்கும்; கால் கிளட்ச்சை அழுத்தியிருக்கும். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர வேண்டும், ஒரு நொடிகூட அவளைக் காக்கவைக்கக் கூடாது. ரயில் தாமதமானாலும் காலை எடுக்க மாட்டேன். கடைசி ஆள் வெளியே வந்து போகும்வரை அப்படியே இருப்பேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அவர் ஒருவரிடம்தான்.

அவர் சிரிக்கவில்லை. புது பேரிங்கைத் துணியால் துடைத்தபடி சொன்னார்:

"நியூட்ரல்ல போட்டுட்டு காலை எடுத்துடு சார். அவங்க வந்து ஏறினப்புறம் கியர் போட எம்மா நேரம் ஆவும்? இல்லாங்காட்டி, நீயே போயி இட்டுகினு வந்துடேன்."

கார் சரியாகிவிட்டது. அந்த ஞாயிறு திருவாலங்காட்டுக்குப் போகலாம் என்று சட்டைகூடத் தேய்த்துவைத்தேன். ரோஷம் விடவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் விடவில்லை.

மறுநாள் சாயங்காலமும் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். மெக்கானிக் சொன்ன இரண்டில் சுலபமானதை மட்டும் செய்தேன். நியூட்ரலில் போட்டு, காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்படியே ஐந்து வருடம் போய் நின்றேன்; அந்த பேரிங் தேயவே இல்லை.